இ.ஜி.ஆர். வால்வும் அதன் நோய் அறியும் முறையும்

உடையவர் எனப் போற்றப்படும் இராமாநுசர் தோன்றிய பதியாகிய ஸ்ரீபெரும்புதூர், இக்காலத்தே மோட்டார் வண்டிகள் தோன்றும் பதியாகவும் விளங்குகின்றது. அதன் கிழக்கே பெங்களூர்ப் பெருவழியின் மேலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் வண்டி செய்யத் தொடங்கினர். தெற்கே, சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் ஒரகடத்தில், 2010-இல் ரெனோ–நிஸ்ஸான் கூட்டுத் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் நிறுவனத்தாரின் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன. ஆயின், படப்பை, வாலாஜாபாத், காஞ்சிபுரம், தாம்பரம் முதலிய ஊர்களினின்று தொழிலாளரை நாடோறும் இவ்வாலைகளிற் கொண்டுவந்து சேர்ப்பன அங்குப் பிறக்கும் புத்தம் புதிய வண்டிகள் அல்ல. பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த வேன்களும் வாடகைக் கார்களுமேயாம். அவற்றுள் டீசல் வண்டிகள் பல. அவ்வண்டிகளை அடிக்கடி பற்றும் நோய்களுள் ஒன்றனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஓட்டுநர் அதனை 'இ.ஜி.ஆர். கம்ப்ளெயின்ட்' என்பர். வண்டியின் முகப்பில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்தினால் அது ஓர் எண்ணைக் காட்டும். அவ்வெண்ணில் இ.ஜி.ஆர். என்னும் பெயர் இருத்தலின், வால்வே கெட்டதெனத் துணிந்து அதனை மாற்றிவிடுவர். மாற்றிய பின்னரும் விளக்கு எரிவதுண்டு. பிறிதோர் உறுப்பு செய்த குற்றத்திற்கு வால்வு பழி சுமந்தது. அதன் விலையை வண்டிக்காரர் சுமந்தார். இது நிகழ்வதற்குக் காரணம், அவ்வெண்ணை வாசிக்கத் தெரிந்த அளவிற்கு அதன் பொருளைத் துணியத் தெரியாமையே. தமிழ் பயில்வோனுக்கு மோட்டார்ப் பட்டறையில் என்ன வேலை என வினவுவார்க்கும் இதுவே விடை. சொல்லை வாசித்தல் வேறு, பொருள் துணிதல் வேறு என்பதனை எமது வகுப்பில் நாடோறும் கேட்டுவருகின்றோம் அன்றோ?

இனி, அவ்வால்வு யாது, எற்றுக்கு என்பதனை முதற்கண் காண்போம். எரிந்த புகையைச் சைலன்சர் வழியே வெளியே போக்குதற்கே யந்திரம் பெரும்பாடு படுகின்றது. அங்ஙனம் போக்கும் புகையில் ஒரு பகுதியை மீட்டும் உள்ளே புகுத்துதல் பேதைமை போலத் தோன்றும். ஆயின் காற்றின் இயல்பை நோக்குவார்க்கு அஃது அறிவுடைமையே எனப் புலனாகும். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். இவ்விரண்டும் நம்மைச் சுற்றி ஒன்றோடொன்று கலந்திருந்தும் கூடுவதில்லை. சிலிண்டருக்குள் எரியும் தீயின் வெப்பம் ஏறத்தாழ 1500 பாகை செல்சியசைக் கடக்கும்போதோ, அவை மிகுதியாகக் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. இக்கூட்டம் நிகழும் முறையை ரஷ்ய அறிஞர் யாக்கோவ் செல்டோவிச் 1940-களில் விளக்கினார். இவ்வாயுக்கள் மூச்சுக் குழலை வருத்துவன; வெயிலில் வேறு ஆவிகளோடு கலந்து, நிலத்தருகே ஓசோனையும் பிறப்பிப்பன.

ஒருமுறை எரிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு; வெப்பத்தைத் தன்பால் வாங்கிக்கொள்ளும் கரியமில வாயுவும் நீராவியும் மிகுதி. அதனைப் புதிய காற்றோடு அளவறிந்து கலந்தால் தீயின் உச்ச வெப்பம் தணியும். நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். உலர்ந்த விறகோடு சிறிது ஈர விறகையும் அடுப்பில் வைப்பார் செயலோடு இதனை ஒப்பிடலாம். தீயின் வேகம் அடங்கும். ஆனால் புகை மிகும். இவ்வுவமையின் பின்பகுதியும் டீசல் யந்திரத்திற்குப் பொருந்துவதே. நைட்ரஜன் ஆக்சைடு குறையுந்தோறும் கரி மிகுகின்றது; அக்கரியே அவ்வால்வின் பகையுமாகின்றது.

அமெரிக்க வண்டிகளில் 1970-களின் தொடக்கத்திலேயே இவ்வமைப்பு புகுந்தது. நம் நாட்டில் 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் நான்கு என்னும் விதி, டீசல் கார் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது வெளியிடத்தக்க நைட்ரஜன் ஆக்சைட்டை 0.25 கிராம் என வரையறுத்தது. 2020 ஏப்ரலில் வந்த ஸ்டேஜ் ஆறு அதனை 0.08 கிராமாகச் சுருக்கிற்று. இச்சுருக்கத்திற்கு ஈடுகொடுக்கும் செலவு சிறிதன்று. 2012-இல் வெளிவந்து ஒரகடத்திலேயே செய்யப்பெற்ற டஸ்டர் என்னும் வண்டி, புதிய விதி வந்தபோது தன் டீசல் யந்திரத்தையே நம் நாட்டில் இழந்தது.

வால்வின் அமைப்பு எளிது. புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்கும் காற்று உட்புகும் மேனிஃபோல்டுக்கும் இடையே ஒரு குழாய். அக்குழாயின் வாயிலில் ஒரு கதவு. பழைய வண்டிகளில் வாக்குவம் இழுத்து அதனைத் திறக்கும். புதியனவற்றில் சிறு மின்மோட்டார் திறக்கும். கதவு எவ்வளவு திறந்துளது என்பதனைக் கூற, அதன் தலைமேல் ஒரு சென்சார் இருக்கும். டீசல் வண்டியில் புகையைக் குளிர்விக்கும் கூலர் ஒன்றும் இடையே அமைந்திருக்கும். எப்பொழுது எவ்வளவு திறத்தல் வேண்டும் என ஆணையிடுவது யந்திரத்தின் மின்மூளையாகிய இ.சி.யூ. வண்டி மெல்ல ஒரு சீராக ஓடும்போது கதவு திறக்கும். மேட்டில் ஏறவோ முந்திச் செல்லவோ ஆக்சிலேட்டரை முற்றும் மிதித்தால் மூடிவிடும். யந்திரம் சும்மா நின்று ஓடும் ஐட்லிங் நிலையில் டீசல் வண்டி ஓரளவு திறந்து வைக்கும். பெட்ரோல் வண்டி மூடியே வைக்கும். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க. நோய்க்குறிகள் இரண்டிற்கும் வேறுபடுதற்கு இதுவே காரணம்.

கதவு திறந்தபடியே சிக்கிக்கொள்ளுமாயின், பெட்ரோல் யந்திரம் ஐட்லிங்கில் நடுங்கி அணைந்துபோகும். டீசல் யந்திரமோ அணையாது, மிதித்தபோது மூச்சடைத்தாற்போலத் தயங்கும், கரும்புகை கக்கும். 'பிக்கப் இல்லை' என ஓட்டுநர் கூறுவது இதனையே. கதவு மூடியபடியே சிக்குமாயின், பெட்ரோல் யந்திரத்தில் மேடேறும்போது கட்கட்டென்னும் நாக்கிங் ஓசை எழலாம். டீசல் வண்டியில் ஓட்டுநர் உணரத்தக்க குறி பெரும்பாலும் ஒன்றுமில்லை. மஞ்சள் விளக்கு ஒன்றே சான்று. வண்டி முன்னினும் நன்றாக ஓடுவதுபோலவும் தோன்றும். இது பின்னர் ஒரு பெருந்தீங்கிற்கு இடமாதலை ஆங்குக் காட்டுவாம்.

நிற்க. ஸ்கேனர் காட்டும் எண்களுக்கு வருவோம். பி 0400 முதல் பி 0406 வரையுள்ள எண்கள் இவ்வமைப்பிற்கு உரியன. அவற்றுள் 0403 மின்னிணைப்பின் குறையையும், 0404 ஆணையிட்ட அளவும் திறந்த அளவும் ஒவ்வாமையையும், 0405, 0406 என்பன வால்வின் தலையிலுள்ள சென்சார் தரும் மின்னழுத்தம் முறையே தாழ்ந்தும் உயர்ந்தும் இருத்தலையும் குறிப்பன. இவை ஏறக்குறைய ஒரு பொருளையே சுட்டுதலின் அறிதற்கு எளியன. மல்டிமீட்டரை எடுத்து, சென்சாருக்கு வரவேண்டிய 5 வோல்ட் வருகின்றதா, எர்த் சரியாக உளதா, கதவு அசையும்போது அளவு மாறுகின்றதா என நோக்கினால் குறை வெளிப்படும். கனெக்டரின் உள்ளே துரு ஏறியிருத்தலும், எலி வயரைக் கடித்திருத்தலும் நம்மூரில் அரிய நிகழ்ச்சிகள் அல்ல. ஆதலின் வால்வைக் கழற்றுமுன் வயரைத் தொட்டுப் பார்த்தல் நலம்.

மயக்கந் தருவது 0401 என்னும் எண்ணே. 'மீளும் புகை போதவில்லை' என்பது அதன் பொருள். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் பலபொருளொருசொல்லை, வினை வேறுபடுவது என்றும் வினை வேறுபடாதது என்றும் இருவகையாகப் பகுப்பர். 'மா' என்னுஞ் சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். மா பூத்தது என்றால் மரமென்றும், மா ஓடிற்று என்றால் விலங்கென்றும் அதனோடு வந்த வினை காட்டிவிடும். மா வீழ்ந்தது என்றாலோ மரமும் வீழும், குதிரையும் வீழும். வேறோர் அடையாளம் இன்றிப் பொருள் துணிதல் இயலாது. 0401 என்பதும் இத்தகைய ஒரு சொல்லே. கதவு கரியால் அடைபட்டிருக்கலாம். குழாயோ கூலரோ அடைபட்டிருக்கலாம். கதவைத் திறக்கும் மோட்டார் வலியிழந்திருக்கலாம். பழைய வண்டியாயின் வாக்குவம் குழாய் கிழிந்திருக்கலாம். காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் பொய்யுரைக்கலாம். அச்சென்சாருக்குப் பின்னே காற்று கசியலாம். எவரேனும் முன்னரே குழாயைத் தகடு வைத்து அடைத்தும் இருக்கலாம். இத்தனைக்கும் எண் ஒன்றே.

ஒரெண் இத்தனை பொருள் தருவது எங்ஙனம்? டீசல் வண்டிகள் பலவற்றில், மீளும் புகையை நேரே அளக்கும் கருவி இல்லை. இ.சி.யூ. அதனைக் கணக்கிட்டே அறிகின்றது. பன்னிரண்டு இருக்கையுள்ள ஒரு வேனுக்கு முன்வாயிலும் பின்வாயிலும் உள்ளன எனக் கொள்வோம். கணக்கெழுதுவோன் முன்வாயிலில் மட்டும் நிற்கின்றான். முன்வாயிலால் எண்மர் ஏறின், நிறைந்த வேனில் பின்வாயிலால் ஏறியோர் நால்வர் என்பது அவன் முடிபு. முன்வாயில் ஏர் ஃப்ளோ சென்சார், பின்வாயில் இ.ஜி.ஆர். வால்வு. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவையே இழுக்குமாதலின், புகை புகுந்தால் புதுக்காற்றின் அளவு குறைதல் வேண்டும். குறையாதாயின், 'பின்வாயிலால் எவரும் ஏறவில்லை' என்று 0401-ஐ எழுதிவிடுகின்றது. ஆகவே அவ்வெண் வால்வைக் கண்டு எழுதியதன்று. காற்றை எண்ணி ஊகித்து எழுதியது.

இதற்கு எடுத்துக்காட்டாக, சென்ற ஆண்டு விடுமுறையில் யான் உடனிருந்து கண்ட ஒன்றனைக் கூறுகின்றேன். படப்பையில் வாழும் என் தாய்மாமன் தமக்குச் சொந்தமான டீசல் கார் ஒன்றனை ஒரகடத்து ஆலையொன்றிற்கு ஷிப்டு வண்டியாக ஓட்டுகின்றார். மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரகடத்து மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி சோர்ந்து, பின்னே வருவோர் முகஞ்சுளிக்கும்படி கரும்புகை விட்டது. ஒரு பட்டறையில் 0401 எனக் கண்டு வால்வைக் கழற்றிச் சுத்தஞ்செய்து கொடுத்தனர். ஒரு வாரத்தில் விளக்கு மீண்டது. பிறிதொரு பட்டறையில் புதிய வால்வு வேண்டுமென்றனர். அதன் விலை, வண்டிக் கடன் தவணை போக மாமாவின் கையில் மிஞ்சும் ஒரு மாத வருவாயினும் மிகுதி. விளக்கு எரியும் வண்டியை ஆலையார் ஏற்பதில்லை. ஓடாத நாளுக்குக் கூலியும் இல்லை. கடன் வாங்கியேனும் வால்வை வாங்கிவிடுவதென்று இருந்தவர், அதற்கு முன்னர்த் தமக்கு அறிமுகமான ஒரு முதிய மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினார்.

அவர் எண்ணைக் கண்டதும் வால்வை நோக்கவில்லை, மாமாவை நோக்கி, "அண்ணே, புகை எந்த நிறம்? எப்பொழுது விடுகிறது?" என்று வினவினார். "கறுப்புப் புகை தம்பி. மேட்டில் மிதித்தால்தான்" என்றார் மாமா. "காஸ் உள்ளே வரவில்லை என்று ஸ்கேனர் சொல்கிறது. வராத காஸ் எப்படி அண்ணே கரும்புகை விடும்?" என்றார் அவர்.

இவ்வொரு வினாவிலேயே நோயின் பாதி வெளிப்பட்டது. மீளும் புகை குறைந்தால் டீசல் யந்திரத்தில் கரி குறைதல் வேண்டும், மிகுதல் கூடாது. சொல் ஒன்று கூற, வினை மற்றொன்று கூறிற்று. ஆயினும் இரண்டும் பொய்யல்ல. இரண்டற்கும் பொருந்தும் பொருள் ஒன்று இருத்தல் வேண்டும்.

அவர் முதலில், எண் பதிவான நொடியின் நிலையை ஸ்கேனரில் நோக்கினார். அப்பொழுது யந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2200 சுற்றுச் சுழன்றுகொண்டு, நடுத்தரமான பாரத்தை இழுத்துக்கொண்டிருந்தது, ஐட்லிங்கில் இல்லை. பின்னர் யந்திரத்தை நன்கு சூடாக்கி ஐட்லிங்கில் நிறுத்தி, ஸ்கேனரினின்றே வால்வுக்கு ஆணையிட்டார். 'திற' என்றபோது காற்றின் அளவு இறங்கிற்று. 'மூடு' என்றபோது ஏறிற்று. இச்சோதனை எளிது, பொருட்செலவும் இல்லை, ஆயினும் பல பட்டறைகளில் இதனைச் செய்யாது வால்வைக் கழற்றுவது வியப்பே. கதவு அசைகின்றது, குழாய் திறந்துளது, சென்சார் உயிரோடுளது என்னும் மூன்றும் இவ்வொரு சோதனையால் தெளிந்தன. புதிய வால்வு வாங்கவேண்டிய தேவை அங்கேயே அற்றுப்போயிற்று.

அடுத்து, வண்டியைச் சாலையில் ஓட்டச் செய்து, அருகில் அமர்ந்து ஸ்கேனரை நோக்கினார். மிதித்தபோது டர்போ தரவேண்டிய அழுத்தம் ஓரளவும், மேனிஃபோல்டில் உண்மையாக வந்த அழுத்தம் அதனிற் குறைந்த ஓரளவுமாக இருந்தன. காற்றின் அளவோ வேண்டியதனினும் மிகுந்து காட்டிற்று. முன்வாயிலில் எண்ணப்பட்டோர் பலர். இருக்கையில் அமர்ந்தோர் சிலர். இடையே இறங்கினோர் எங்கே? வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி விளக்குப் பிடித்துப் பார்த்தபொழுது, டர்போவினின்று இண்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸின் அடியில், கிளாம்பை ஒட்டி, எண்ணெய் கசிந்த ஈரம் தென்பட்டது. கையால் வளைத்தபோது விரல்நீளக் கிழிசல் வாய் திறந்தது. அழுத்தமில்லாத ஐட்லிங்கில் அக்கிழிசல் மூடியிருக்கும்; மேட்டில் மிதித்து அழுத்தம் ஏறினால் திறக்கும். அளந்த காற்று அவ்வழியே வெளியேற, சிலிண்டரில் காற்றுக் குறைந்து கரும்புகை எழுந்தது. அளந்த காற்று மிகுதியாதலின் இ.சி.யூ. 'புகை மீளவில்லை' என எழுதிற்று. ஹோஸின் விலை வால்வின் விலையிற் பத்தில் ஒரு பங்கும் இல்லை.

எல்லா வண்டிக்கும் ஹோஸே காரணம் என்பது இதன் கருத்தன்று. அதே 0401, கரும்புகை இன்றியும், ஆணையிட்டபோது காற்றளவு மாறாமலும் வருமாயின், அப்பொழுது கரியடைப்பையே ஐயுறுதல் முறை. 'மீளும் புகை மிகை' என்னும் 0402 எண்ணோடு தயக்கமும் கரும்புகையும் கூடிவருமாயின், கதவின் இருக்கையில் கரிக்கட்டி சிக்கி மூடாதிருத்தல் பெரும்பான்மை. அந்நிலையில் வால்வைக் கழற்றிக் கதவு முற்றும் அமர்கின்றதா எனக் கண்ணாற் காண்க. யந்திரம் ஆறிய பின்னரே கழற்றுக. கார்பன் கிளீனர் தெளித்து மெல்லிய பிரஷால் தேய்க்கலாம். மோட்டார் உள்ள தலைப்பகுதியை அதில் ஊறவைத்தல் ஆகாது. மீட்டும் பொருத்தும்போது புதிய கேஸ்கெட் இடுக. வண்டிகள் பலவற்றில் கதவின் மூடிய நிலை எது என்பதனை ஸ்கேனரால் இ.சி.யூ.வுக்கு மீட்டுங் கற்பித்தலும் வேண்டும். இதனைச் செய்யாமையால் நல்ல வால்வும் கெட்டதெனப் பெயரெடுப்பதுண்டு.

சுத்தஞ்செய்த வால்வு சில மாதத்தில் மீட்டும் அடைபடுமாயின், கரி எங்கிருந்து வருகின்றது என வினவுதல் வேண்டும். இத்தொழிற்பகுதியின் வண்டிகளுக்கு ஒரு தனிக்குறை உண்டு. ஷிப்டு முடியும்வரை ஆலை வாயிலில் வரிசையாக நின்று, வெயிலுக்கு அஞ்சி ஏ.சி.யை ஓடவிட்டு, நெடுநேரம் ஐட்லிங்கிலேயே இருப்பன அவை. அந்நிலையில் கதவோ ஓரளவு திறந்துளது. புகையின் வெப்பமோ குறைவு. யந்திரத்தின் கீழ்ப்பகுதியினின்று வரும் எண்ணெயாவி அக்கரியோடு கலந்து, தார் போலப் படிகின்றது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியினும் வாயிலில் நிற்கும் வண்டியே இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றது.

கூலரைப் பற்றியும் ஒருசொல். வெளியே ஒழுக்கு ஒன்றுமின்றிக் கூலன்ட் குறைந்துகொண்டே வருமாயின், இ.ஜி.ஆர். கூலர் உள்ளே விரிசல் கண்டிருத்தல் கூடும். இதனை எளிதாகக் கருதலாகாது. தென்கொரியாவில் 2018-ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் பல ஓடும்போதே தீப்பற்றின. கூலரினின்று கசிந்த கூலன்ட் கரியோடு படிந்து, சூடான புகையால் பற்றியதே காரணம் என ஆராய்ந்து கண்டனர். ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளை அந்நிறுவனத்தார் திரும்ப அழைக்க நேர்ந்தது.

இனி, முன்னர்க் காட்டுவாம் என்ற தீங்கு. சில பட்டறைகளில் இந்நோய்க்கு ஒரு குறுக்குவழி கையாளுகின்றனர். குழாயின் இடையே ஒரு சிறு இரும்புத் தகட்டை வைத்து இறுக்கிவிடுவர். விளக்கு எரியாதபடி இ.சி.யூ.வின் நிரலையும் மாற்றிவிடுவர். செலவு சிறிது. கரி குறைகின்றது, பிக்கப் மிகுகின்றது, ஓட்டுநர் மகிழ்கின்றார். புகைச் சான்றிதழ் வாங்கச் சென்றால் அங்கும் வெற்றியே. ஏனெனின், டீசல் வண்டிக்கு அச்சோதனை அளப்பது புகையின் கருமையை மட்டுமே. நைட்ரஜன் ஆக்சைட்டை அளக்கும் கருவி அச்சோதனைச் சாவடிகளில் இல்லை. அதனை அளப்பதற்கு, ஒரகடத்திலேயுள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் போன்ற பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். ஆங்குச் செல்வன புதிய மாதிரி வண்டிகளேயன்றி என் மாமாவின் கார் போல்வன அல்ல.

கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்து, தெரியாத நஞ்சு மிகுந்தமையால், தகடு வைத்த வண்டி தூயது போலத் தோன்றுகின்றது. இப்பொய்த்தோற்றம் எளியோர் வண்டிக்கு மட்டும் உரியதன்று. 2015 செப்டம்பரில், ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தாரின் டீசல் கார்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவகையாகவும் சாலையில் வேறுவகையாகவும் நைட்ரஜன் ஆக்சைட்டை வெளியிடும்படி நிரல் எழுதப்பட்டிருந்தமையை அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறையினர் வெளிப்படுத்தினர். ஓட்டுநர் இரும்புத் தகட்டால் செய்வதனை அவர்கள் எழுத்தால் செய்தனர் என்னலாம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், செய்தவர் அமைத்த அமைப்பினின்று வண்டியை இங்ஙனம் மாற்றுதலைத் தடுக்கின்றது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஷிப்டு விடும் வேளையில் ஆலை வாயிலில் நிற்போரை எண்ணிப் பார்க்கலாம். ஐம்பது வேன்கள் ஓடிக்கொண்டிருக்கும் அக்காற்றை மூச்சாக உட்கொள்வோர், அவ்வேன்களில் ஏறும் தொழிலாளரும் அவற்றை ஓட்டுவோருமேயாவர். தவணை கட்ட வழியின்றித் தகடு வைப்பவரைப் பழித்தல் எளிது. எமக்கு அதில் உடன்பாடில்லை. வேண்டாத வால்வுக்குப் பணம் இழந்தவரே அடுத்த முறை தகட்டை நாடுகின்றார் என்பது யாம் பட்டறையிற் கேட்டறிந்தது. நோயைச் சரியாகக் கண்டறிந்து உரைக்கும் மெக்கானிக் இருப்பாராயின், தகட்டுக்கு வேலை குறையும்.

பழுது நீங்கியதனை உறுதிசெய்யும் முறையையும் கூறுதல் வேண்டும். எண்ணை அழித்தவுடன் விளக்கு அணைதல் இயல்பு. அது நோய் தீர்ந்தமைக்குச் சான்றன்று. இ.சி.யூ. இச்சோதனையை எப்பொழுதும் செய்வதில்லை. யந்திரம் சூடேறி, குறித்த வேகத்தில் சிறிது நேரம் சீராக ஓடும்போதுதான் செய்கின்றது. ஒருமுறை குறை கண்டால் அதனைத் தன்னுள் குறித்துவைத்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் கண்டால் மட்டுமே விளக்கை ஏற்றும் வண்டிகள் பல. ஆதலின், விளக்கு எரியாதபோதும் ஸ்கேனரில் நிலுவையிலுள்ள எண் ஏதேனும் உளதா என நோக்குதல் வேண்டும். மாமாவின் வண்டிக்குப் புதிய ஹோஸ் மாட்டியபின், வால்வைத் தொடாமலே எண்ணை அழித்து அனுப்பினர். இரு வாரம் வழக்கம்போல் ஷிப்டுக்கு ஓட்டிய பின்னர் அம்மெக்கானிக்கிடமே மீட்டும் கொண்டுசென்று ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தனர். விளக்கை ஏற்றிய எண்ணும் இல்லை. நிலுவை எண்ணும் இல்லை. மேம்பாலத்தில் புகையும் இல்லை என்றார் மாமா.